பானம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: "பானம் என்றால் குடிக்கிற எதுவும் பானமா, இல்லை மதுவை மட்டும் சொல்வதா? இது தமிழ்ச் சொல்லா? பானகம், பானை இரண்டும் இதிலிருந்து வந்தவையா?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பானம் வடசொல். குடித்தல் என்ற செயலுக்கும் அதுதான் பெயர், குடிக்கப்படும் பொருளுக்கும் அதுதான் பெயர். தண்ணீர், பால், மோர், பழச்சாறு, காப்பி, கள் எல்லாமே பானம். மதுவை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் மதுபானம் என்கிறோம். பானகம் இதற்கு நெருங்கிய சொந்தம். பானைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இனி விரிவாகப் பார்ப்போம்.

சமஸ்கிருதத்தில் 'பா' என்று ஒரு வினையடி உண்டு. குடி என்று பொருள். 'பிபதி' என்றால் குடிக்கிறான். அந்த அடியிலிருந்து வந்த தொழிற்பெயர்தான் பானம். தானம், ஞானம் என்பவற்றைப் போலவே அம் ஈற்றோடு தமிழுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இதே அடியிலிருந்து 'பானீயம்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. குடிக்கத் தக்கது என்பது அதன் பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் பானீயம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழில் அகராதியோடு நின்றுவிட்டது. இந்தியில் தண்ணீருக்குச் சொல்லும் 'பானி' இந்தப் பானீயம் தேய்ந்து வந்ததுதான். அதாவது, இந்திக்காரர் தண்ணீர் என்று சொல்லும்போதெல்லாம் சொல்லளவில் 'குடிக்கத் தக்கது' என்றுதான் சொல்கிறார். நாம் தண்ணீர் என்னும்போது தண்மையான நீர், குளிர்ந்த நீர் என்கிறோம். அதனால்தான் 'சுடுதண்ணீர்' என்பது கூர்ந்து பார்த்தால் முரணாகத் தெரியும். பழைய சொல்லான வெந்நீரில் அந்தச் சிக்கல் இல்லை.

பா என்ற அடி வேறு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது எனக்குப் பிடித்த வேலை. மரத்துக்குப் 'பாதபம்' என்று ஒரு பெயர் நம் அகராதிகளில் இருக்கிறது. பாதத்தால் குடிப்பது என்று பொருள். வேர்தானே மரத்தின் கால்! தேனீக்கும் வண்டுக்கும் 'மதுபம்' என்று பெயர், தேனைக் குடிப்பது. சித்த, ஆயுர்வேத நூல்களில் வரும் 'தூமபானம்' புகையை உள்ளிழுக்கும் மருத்துவ முறை. புகையைக் குடிப்பது எப்படி என்று கேட்கத் தோன்றும். நம் ஊர்ப் பெரியவர்கள் "சுருட்டுக் குடிக்கிறார்", "பீடி குடிக்கிறான்" என்று இன்றும் சொல்வதை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. தூமபானம் என்று நூல் எழுதியவரும் சுருட்டுக் குடிக்கிறார் என்று சொல்லும் கிழவியும் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள்.

இந்த அடி இந்தியாவோடு நிற்கவில்லை. சமஸ்கிருதம், இலத்தீன், கிரேக்கம், ரஷ்யன் எல்லாம் ஒரே பழைய மொழியிலிருந்து கிளைத்தவை. அதனால் பிபதிக்கு இலத்தீனில் 'பிபித்' என்று கூடப்பிறந்த சொல் ஒன்று உண்டு. அதற்கும் குடிக்கிறான் என்றே பொருள். அந்த இலத்தீன் வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பீவரேஜ்' ஆனது. ஆக, குளிர்பானத்தைப் பீவரேஜ் என்று சொன்னாலும் பானம் என்று சொன்னாலும் தொட்டுக்கொள்வது ஒரே வேரைத்தான். ஆங்கிலத்தில் விஷத்துக்குச் சொல்லும் 'பாய்சன்' கூட இலத்தீனில் குடிப்பதைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. முதலில் குடிக்கும் மருந்து, அப்புறம் மந்திர மருந்து, கடைசியில் நஞ்சு என்று அதன் பொருள் இறங்கிவிட்டது.

சரி, அப்படியென்றால் பானம் வருவதற்கு முன் தமிழில் இதற்கு என்ன சொன்னார்கள்? என் பார்வையில் இந்தக் கேள்வியின் சுவையான பகுதி இதுதான். பலரும் பானத்துக்கு நேரான ஒரு பழந்தமிழ்ச் சொல்லைத் தேடுகிறார்கள். தேடுகிற இடம் சரியில்லை என்று நினைக்கிறேன். பழந்தமிழ் இந்த உலகத்தையே வேறு மாதிரி பங்கு போட்டு வைத்திருந்தது.

திருக்குறளில் 93ஆம் அதிகாரத்தின் பெயர் கள்ளுண்ணாமை. கள் குடியாமை இல்லை, கள் உண்ணாமை. "துஞ்சினார் செத்தாரின் வேறல்லர் எஞ்ஞான்றும் நஞ்சுண்பார் கள்ளுண் பவர்" என்கிறார் வள்ளுவர். அந்த அதிகாரத்தின் பத்துக் குறளிலும் குடி என்ற வினை ஓரிடத்தில்கூட இல்லை. உண் என்பதுதான் வருகிறது. புறநானூற்றில் அதியமானை இழந்த ஔவையார் பாடும் 235ஆம் பாட்டு பலருக்கும் தெரிந்தது: "சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே, பெரியகட் பெறினே யாம்பாடத் தான்மகிழ்ந்து உண்ணு மன்னே." கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, அவனும் மகிழ்ந்து உண்பான். இங்கேயும் உண்பதுதான். மேகம் நீருண்டது, சிவன் நஞ்சுண்டான், குழந்தை பாலுண்டது. வாய்வழி போகும் எதற்கும் உண் பொருந்தியது; திடமா திரவமா என்ற வேலி அதில் இல்லை.

இதற்கு நான் அடிக்கடி சொல்லும் சான்று திருவண்ணாமலையில் இருக்கிறது. அங்கே அம்மனுக்கு உண்ணாமுலையம்மன் என்று பெயர். வடமொழிப் பெயர் அபீதகுசாம்பாள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எந்தப் பிள்ளையும் பாலருந்தாத முலைகளையுடைய தாய். வடமொழிப் பெயரைப் பிரித்தால் அ + பீத + குச + அம்பா. 'பீத' என்பது பா என்ற அடியின் இறந்தகால எச்சம், குடிக்கப்பட்டது என்று பொருள். அதே இடத்தில் தமிழ்ப் பெயரில் நிற்பது உண்ணா. ஒரே அம்மன், ஒரே கருத்து. பானத்தின் வேரும் உண் என்ற தமிழ் வினையும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கே குடி என்றோ பருகு என்றோ யாரும் வைக்கவில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் சந்நிதிப் பலகையில் இரண்டு பெயரையும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பானம் என்ற சொல்லின் வரலாற்றில் பாதி அந்தப் பலகையில் இருக்கிறது.

அதற்காகத் திரவத்துக்கென்று தனி வினையே தமிழில் இல்லை என்று எண்ண வேண்டாம். பருகு, மாந்து, குடி எல்லாம் பழைய சொற்கள். பெரும்பாணாற்றுப்படையில் "இல்லடு கள்ளின் தோப்பி பருகி" என்று வருகிறது; வீட்டிலேயே சமைத்த நெல்லுக்கள் அது. வள்ளுவரும் தீ நட்பைச் சொல்லும் இடத்தில் "பருகுவார் போலினும் பண்பிலார் கேண்மை" என்கிறார். நம்மேல் உள்ள பிரியத்தில் நம்மைக் குடித்துவிடுவார் போல இருந்தாலும் குணமில்லாதவர் உறவு வேண்டாம் என்பது கருத்து. பருகு என்பதில் ஒரு ஆசை, ஒரு அவா இருக்கிறது. கண்ணால் பருகினான் என்று இன்றைக்கும் எழுதுகிறோமே, அந்தச் சுவை. மாந்து என்பது வயிறு நிறையக் குடிப்பது.

தொல்காப்பியத்தில் "வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்" என்று ஒரு சூத்திரம். இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு நம் கேள்விக்கு நேராக உதவுகிறது. அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன ஆகிய நான்குக்கும் பொதுவான பெயர். ஆகவே அடிசில் உண்டார் என்றோ தின்றார் என்றோ ஒரு வினையை மட்டும் சொல்லக்கூடாது. அயின்றார், மிசைந்தார் என்று பொது வினையால் முடிக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வரிசையில் 'பருகுவன' இருக்கிறதல்லவா? பானம் என்பதற்கு ஒத்த தமிழ் வகைப்பெயர் வேண்டும் என்பவர்களுக்கு அது அங்கே தயாராக இருக்கிறது. ஆனால் அது தனி ஆளாக நிற்கவில்லை. உணவின் நான்கு கூறுகளில் ஒன்றாக நிற்கிறது. நக்குவன என்பதற்கு வடமொழியில் லேஹ்யம் என்பார்கள். நாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் லேகியம் அதுவே.

குறள் 12 இன்னும் ஒரு படி மேலே போகிறது: "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை." உண்பவர்களுக்கு நல்ல உணவை விளைவித்துக் கொடுப்பதோடு, தானும் உணவாக இருப்பது மழை. தண்ணீரே உணவு என்கிறார். உணவு, பானம் என்று இரண்டு தலைப்பாகப் பிரிக்கும் இன்றைய ஹோட்டல் மெனு கார்டு அந்த மனதுக்குப் புரிந்திருக்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பானம் என்ற சொல் பொருளுக்குப் பெயர் வைப்பது வாயை வைத்து: குடிக்கிறோம், அதனால் பானம். தமிழ்ப் பெயர்களோ பெரும்பாலும் அந்தத் திரவம் எப்படி உருவானது என்பதைச் சொல்லும். தேறல் என்றால் தெளிந்தது. தேறு என்ற வினை. வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்து நிற்கும் கள். அரியல் என்றால் அரித்து எடுத்தது, வடிகட்டியது. பிழி என்றால் பிழிந்தது. நறவு, நறா என்றால் நறுமணம் உடையது. கஞ்சியின் மேல் தெளிவதைத் தெளிவு என்றே சொல்கிற ஊர்கள் இன்றும் உண்டு. பழைய சோற்றில் ஊறிய நீர் நீராகாரம். இளநீர், பதநீர், நீர்மோர் எல்லாம் இந்த வழிதான். தேறல், அரியல், பிழி என்ற பெயர்களை வைத்துக்கொண்டே பழைய காலத்துக் கள் தயாரிப்பைப் படிப்படியாகச் சொல்லிவிடலாம்.

திருமுருகாற்றுப்படையில் "நீடமை விளைந்த தேக்கள் தேறல்" என்று வருகிறது. அமை என்றால் மூங்கில். தேனாலான கள்ளை நீண்ட மூங்கில் குழாயில் அடைத்து, அது நாள்பட்டு விளைந்து, தெளிந்து நிற்கிறது. நான்கு சொல்லில் பாத்திரம், மூலப்பொருள், காலம், பக்குவம் நான்கும் வந்துவிட்டன. மதுபானம் என்ற சொல்லால் இதைச் செய்ய முடியாது. அதே சமயம், நக்கீரர் பாடிய புறம் 56இல் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" வருகிறது. கடல் கடந்து யவனர் கப்பலில் வந்த திராட்சை மது அது. வெளியூர்ச் சரக்கு என்றாலும் புதுப் பெயர் தேடவில்லை. தெளிந்து மணக்கிறது, ஆகவே தேறல்.

பானங்கள் என்று ஒரு பட்டியல் கேட்டால் நான் காட்டுவது புறநானூறு 24. மாங்குடி கிழார் பாடியது. "இரும்பனையின் குரும்பைநீரும் பூங்கரும்பின் தீஞ்சாறும் ஓங்குமணற் குலவுத்தாழைத் தீநீரோ டுடன்விராஅய் முந்நீர் உண்டு முந்நீர்ப் பாயும்" என்று போகிறது. பனை நுங்கின் நீர், கரும்பின் இனிய சாறு, மணல்மேட்டில் வளைந்து நிற்கும் தென்னையின் இளநீர். தாழை என்பது இங்கே தென்னை. மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்ந்து விளையாடுகிறார்கள் நெய்தல் நில மக்கள். முந்நீர் என்றால் கடல் என்றும் பொருள், மூன்று நீர் என்றும் பொருள். அதை வைத்துப் புலவர் ஒரு விளையாட்டு விளையாடிவிட்டார். இங்கேயும் வினை 'உண்டு' என்பதுதான் என்பதைக் கவனியுங்கள். நுங்கும் கரும்பும் இளநீரும் கலந்த ஒன்றை இன்றைக்கு நகரத்து ஜூஸ் கடையில் விற்றால் நல்ல பெயர் கிடைக்கும். யாராவது செய்து பாருங்கள். பதநீரைவிடச் சற்று லேசாக, அருமையாக இருக்கும்.

அடுத்தது, பானம் என்றால் மதுவா என்ற கேள்வி. பானத்துக்கு இருக்கும் இந்தச் சந்தேகம் உலகம் முழுதும் உள்ள குடிப்பொருள் சொற்களுக்கு உண்டு. பொதுவாகக் 'குடிப்பது' என்று ஆரம்பிக்கும் சொல், போகப் போகச் சாராயத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ரஷ்ய மொழியில் 'பீவா' என்றால் பீர். அது 'பீத்' என்ற வினையிலிருந்து வந்தது. குடி என்று பொருள். தொடக்கத்தில் அதற்குக் குடிக்கிற பொருள் என்று மட்டும்தான் அர்த்தம். அதுவும் நம் பா அடியின் உறவினரே. அரபியில் 'ஷரிப' என்றால் குடித்தான். அதிலிருந்து வந்த 'ஷராப்' அங்கே எந்தப் பானத்துக்கும் பெயர்; பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் வந்தபோது மது என்று நின்றுவிட்டது. அதே வேரிலிருந்து வந்த 'ஷர்பத்' மட்டும் தப்பித்தது. அது இனிப்புப் பானமாகவே இருந்து, துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய் சார்பெட் என்ற ஐஸ் வகை ஆனது. இருமலுக்குக் குடிக்கும் சிரப் கூட இந்த அரபி வேரிலிருந்து போனதுதான். நம் பக்கம் வந்து நன்னாரி சர்பத் ஆனது. வெயில் காலத்தில் தள்ளுவண்டியில் நன்னாரிப் பாகை ஒரு கரண்டி விட்டு, எலுமிச்சையைப் பிழிந்து, ஊறின சப்ஜா விதை போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி இரண்டு தம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுப்பார்களே, அந்தச் சர்பத்துக்கும் உருதுக் கவிஞர்கள் பாடும் ஷராபுக்கும் தாய் ஒருத்தி.

கேரளத்தில் மது விற்கும் அரசு நிறுவனம் 1984இல் தொடங்கியது. அதன் பெயரில் பீவரேஜஸ் என்ற சொல் இருக்கிறது. விளைவு, மலையாளத்தில் 'பிவரேஜ்' என்றாலே சாராயக் கடை என்று ஆகிவிட்டது. தமிழில் பாருங்கள்: "அவன் குடிப்பான்" என்றால் என்ன குடிப்பான் என்று யாரும் கேட்பதில்லை. குடிகாரன், குடிப்பழக்கம், குடிமயக்கம் எல்லாம் ஒரே பக்கம்தான். தண்ணி என்ற அப்பாவிச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. தண்ணி போட்டிருக்கிறான் என்றால் அர்த்தமே வேறு. இப்படி நடப்பதற்கு எளிய காரணம் உண்டு. வெறும் தண்ணீர் குடிப்பதைப் பற்றிச் செய்தியாகச் சொல்ல எதுவும் இல்லை. பேசத் தகுந்த குடி என்று ஊர் நினைப்பது மதுவை. அதன் பெயரைச் சொல்லக் கூச்சம் வேறு. அதனால் பொதுச்சொல்லைப் போட்டு மூடுகிறார்கள். நாளடைவில் மூடியே பெயராகிவிடுகிறது.

குடி என்ற சொல்லுக்கு வந்த இந்தக் கறையால்தான் தமிழ்நாட்டில் பல வீடுகளில் "காப்பி சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறார்கள் என்பது என் கணிப்பு. வந்தவரைப் பார்த்துக் குடிக்கிறீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் இந்தத் தயக்கம் இல்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று உரிமையோடு சொல்வார்கள். காப்பியைச் சாப்பிடுவது தவறான தமிழ் என்று திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கள்ளை உண்ட ஔவைக்கும் அதியனுக்கும் அது தவறாகப் பட்டிருக்காது. உண் இருந்த இடத்தில் இன்று சாப்பிடு இருக்கிறது. வேலி இல்லாத அந்தப் பழைய வினையின் குணம் மட்டும் மாறவில்லை. மாத்திரையும் சாப்பிடுகிறோம், கஷாயமும் சாப்பிடுகிறோம்.

இவ்வளவு சொற்கள் சாய்ந்த பிறகும் பானம் ஏன் நேராக நின்றது? மது என்ற சொல் அந்தப் பாரத்தைத் தனியாகத் தாங்கிக்கொண்டதால் என்பேன். மதுவும் வடசொல். முதலில் தேன், இனிப்பு என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் தேன் மதுவுக்குச் சொல்லும் 'மீட்' அதன் உடன்பிறப்பு. மதுபானம், சுராபானம், சோமபானம் என்று போதை தரும் பானங்களுக்கெல்லாம் முன்னால் ஒரு அடைமொழி கட்டாயமாக இருந்ததால், தனியாக நிற்கும் பானம் சுத்தமாகவே இருந்துவிட்டது. பழைய அகராதிகளில் பானம் என்பதற்குக் கள் என்ற பொருளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. இன்றைய வழக்கில் அந்தப் பொருள் செத்துவிட்டது. அதனால்தான் குளிர்பானம், சத்துபானம் என்று குழந்தைகளுக்கான பொருள்களுக்கும் தயங்காமல் அதைப் போட முடிகிறது. இலங்கைத் தமிழில் சாஃப்ட் டிரிங்குக்கு மென்பானம் என்பார்கள், நல்ல ஆக்கம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் குளிர்பானம் என்ற சொல் பரவும் முன்பே 'கலர்' என்ற பெயர் இருந்தது. சம்பந்தி வந்தால் பெட்டிக்கடைக்குப் பையனை அனுப்பி "ரெண்டு கலர், ஒரு சோடா" என்று வாங்கிவரச் சொல்வார்கள். கோலி போட்ட சோடா பாட்டிலுக்கு இங்கிலாந்தில் ஹிரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்றார். அதில் அடைத்து வந்த சிவப்பும் ஆரஞ்சும் பச்சையுமான தண்ணீருக்கு நிறத்தையே பெயராக வைத்தது நம் மக்களின் வேலை. செய்முறையையோ தோற்றத்தையோ வைத்துப் பெயரிடும் பழைய வழக்கம் அங்கேயும் தலைகாட்டுகிறது.

பானத்தை ஒதுக்கிவிட்டுத் தனித்தமிழில் எழுத விரும்புவோர் குடிநீரைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு வேறு வேலை இருக்கிறது. சித்த மருத்துவத்தில் குடிநீர் என்றால் மூலிகைகளை நீரில் போட்டுக் காய்ச்சி வற்றவைத்து எடுப்பது. கஷாயத்துக்குத் தமிழ்ப் பெயர். நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் டெங்கு, கொரோனா காலங்களில் எல்லோர் வாயிலும் புகுந்த பெயர்கள். இன்னொரு பக்கம் குடிநீர் வாரியம், குடிநீர்க் குழாய் என்று அரசாங்கம் அதைக் குடிக்கும் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு வேலையையும் சிரமமில்லாமல் செய்கிற சொல்லுக்கு மூன்றாவது வேலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் பானம் என்று எழுதுங்கள். குறிப்பாகச் சொல்ல முடிந்த இடத்தில் சாறு, மோர், பதநீர், சர்பத் என்று அதனதன் பெயரைச் சொல்லுங்கள். கடன் வாங்கியது ஒருவழிப் பாதையும் இல்லை. சமஸ்கிருதத்தில் தண்ணீருக்கு வழங்கும் 'நீரம்' திராவிட மொழிகளிலிருந்து அங்கே போனது என்று தாமஸ் பரோ போன்ற மொழியறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் கஞ்சி போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலம் வரை போயிருக்கிறது.

பானகத்துக்கு வருவோம். பானம் என்பதோடு 'க' சேர்ந்து வடமொழியில் பானகம் ஆனது. இனிப்புச் சேர்த்த பானத்துக்கு அங்கே அப்படிப் பெயர். தெலுங்கில் பானகமு, கன்னடத்தில் பானக. தமிழ்நாட்டில் பானகம், பானக்கம், பானக்கரம் என்று ஊருக்கு ஊர் வாய் மாறும். ராமநவமிக்குச் செய்யும் பானகத்தில் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை இருக்கும். தென்மாவட்டங்களில் புளியும் கருப்பட்டியும் கரைத்துச் செய்வதுண்டு. எனக்குத் தெரிந்து நல்ல பானகத்தின் ரகசியம் இரண்டு. வெல்லத்தை நுணுக்கி ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மண் நறநறக்கும். சுக்கை அப்போதுதான் தட்டிப் போட வேண்டும். டப்பாவில் கிடந்த சுக்குப்பொடி காரம் தரும், மணம் தராது. ஆந்திராவில் மங்களகிரி நரசிம்மருக்குப் பானகால சுவாமி என்றே பெயர். சங்கால் அவர் வாயில் பானகம் ஊற்றுவார்கள். பாதியை ஏற்றுக்கொண்டு மீதியைப் பக்தருக்குத் திருப்பித் தருகிறார் என்பது அங்குள்ள நம்பிக்கை. பா என்ற வினையடிக்கு நேரடியாகக் கட்டிய கோயில் மாதிரி அது.

கடைசியாகப் பானை. ஓசை ஒத்துப்போவதால் இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. பானம் வைக்கும் பாத்திரம் பானை என்று சிலர் விளக்கமும் சொல்கிறார்கள். அது சரியில்லை. பானை திராவிடச் சொல். தெலுங்கில் பெரிய மட்பாண்டத்துக்குப் 'பான' என்று பெயர். பொங்கல் பானை, சோற்றுப் பானை, நெல் போட்டு வைக்கும் பானை என்று அதன் முதல் வேலையே குடிப்பதோடு சம்பந்தப்படாதது. பானைக்குப் பக்கத்தில் அலமாரியில் இருக்கும் இன்னொன்றுதான் பானத்தின் உண்மையான உறவு: பாத்திரம். பா என்ற அதே அடியோடு கருவியைக் குறிக்கும் விகுதி சேர்ந்து உண்டான சொல் அது. குடிப்பதற்கான கருவி, குடிகலம் என்பதுதான் அதன் முதற்பொருள். அப்புறம் எந்தக் கலத்துக்கும் ஆகி, மணிமேகலையில் அமுதசுரபிக்கு ஆகி, நாடகத்தில் வேடத்துக்கு ஆகி, "அன்புக்குப் பாத்திரமானவர்" என்பது வரை வந்துவிட்டது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் எகிப்து ராஜாவுக்கு மது ஊற்றிக் கொடுப்பவனைப் 'பானபாத்திரக்காரன்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரே சொல்லில் பா என்ற அடி இரண்டு முறை வருகிறது, ஒருமுறை பானமாக, ஒருமுறை பாத்திரமாக.